நுரைக்கண்ணாடித் தரை

கோமெல்
14 ஆகஸ்ட் 1973

அன்புத் தம்பி லவ்ரினுக்கு,

அக்கா தெக்லா எழுதுவது. நான், உன் மனைவி ரயீசா, குழந்தை சோஸ்யா மூவரும் நலம். உன் இருமல் நின்றதா? கழுத்துத் துண்டைச் சுற்றிக்கொள்கிறாயா, இல்லை பெட்டிக்கடியில் மடித்து வைத்துப் பூஜை செய்கிறாயா?

ஒரு செய்தி. நேற்று எங்கள் அறுவைப் பிரிவில் சீட்டு ஒட்டும்போது ஊர்ப் பெயரைப் படித்துவிட்டுக் கையை நிறுத்திவிட்டேன். உன் ஊர்! பெச்சோரா ஆற்றங்கரையில் நீ வீடு கட்டிக்கொண்டிருக்கும் அதே ஊர். நான் அறுத்த நுரைக்கண்ணாடிப் பலகைகள்தான் உன் கட்டடத்தின் தரைக்கடியில் போகப்போகின்றன. பக்கத்து இயந்திரக்காரி, "என்ன தெக்லா, காதல் கடுதாசியா வந்திருக்கு, இப்படி முழிக்கிறே?" என்றாள். "ஆமாடி, ரெண்டு ரயில் பெட்டி நிறைய" என்றேன்.

நீ இந்தச் சரக்கைத் தொட்டதில்லை, அதனால் சொல்கிறேன். உடைந்த கண்ணாடியை மாவாக அரைத்து, கொஞ்சம் கரித்தூள் கலந்து, அச்சில் கொட்டி உலைக்குள் அனுப்புவோம். ரொட்டி மாதிரி உப்பி எழும். அப்புறம் மெல்ல மெல்ல ஆறவேண்டும், அவசரப்பட்டால் விரிசல். ஆறியதை அறுத்தால் உள்ளே ஆயிரமாயிரம் குமிழி. ஒவ்வொன்றும் தனி அறை, ஒன்றுக்கொன்று கதவே கிடையாது. அதனால்தான் குளிர் கடக்காது, தண்ணீர் ஊறாது. எரியாது, அழுகாது, சுருங்காது, எலி கடித்தால் எலிக்குத்தான் பல் போகும். ஒரு துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சோஸ்யா, "அத்தை, கறுப்பு ரொட்டி!" என்று கடிக்கப் போனாள்.

ஒன்றை மட்டும் மறக்காதே. அறுத்த முகத்தில் குமிழிகள் பிளந்து வாயைத் திறந்துகொண்டிருக்கும். அங்கே தண்ணீர் தங்கும். ஒவ்வொரு பலகையையும் சூடான தாரில் தோய்த்து, இடுக்கெல்லாம் தாரால் அடைத்துத்தான் வைக்கவேண்டும். தார் இல்லாமல் ஒரு பலகையும் வைக்காதே.

ரயீசா தனியாக உனக்கு எழுதுகிறாள். இருந்தாலும், "எப்போ கூப்பிடுவாருன்னு நீங்களும் ஒரு வார்த்தை கேளுங்கக்கா" என்றாள். கேட்டுவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் அக்கா தெக்லா

*

9 செப்டம்பர் 1973

அக்காவுக்கு லவ்ரினின் வணக்கமும் முத்தங்களும். இருமல் போயே போய்விட்டது. துண்டு கழுத்தில்தான் இருக்கிறது, நம்பு. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

உன் பலகைகள் வந்துவிட்டன. படகிலிருந்து இறக்கும்போது ஒன்று கைநழுவி ஆற்றில் விழுந்தது. கண்ணாடி ஆயிற்றே, மூழ்கிவிடும் என்று நினைத்தோம். மிதந்தது. ஆறு முழுக்க வெளிர்மஞ்சள் வெயில், நடுவில் அந்தக் கறுப்புப் பலகை. அவசரமே இல்லாமல் வடக்குக் கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. ஆறு ஆள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தோம். அது இந்நேரம் கடலைத் தொட்டிருக்கும் என்று இப்போதும் அவ்வப்போது நினைத்துக்கொள்கிறேன்.

முதல் பலகையை அறுத்ததும் அழுகிய முட்டை நாற்றம். பையன்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "எவன்டா அது?" என்று ஒருவரையொருவர் முறைத்தார்கள். எனக்குத்தான் தெரியும். உன் உலைக் காற்று குமிழிக்குள் அடைபட்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. வேலை முடிந்து நீ வீட்டுக்கு வரும்போது மேலங்கியில் இருக்கும் அதே வாடை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன், அக்கா.

இங்கே மண் நடுக்கோடையிலும் இரண்டு முழத்துக்குக் கீழே கல்லாக உறைந்து கிடக்கும். வீட்டின் சூடு கீழே இறங்கினால் மண் உருகி, வீடு குடிகாரன் மாதிரி சாய்ந்து உட்கார்ந்துவிடும். அதனால் கம்பங்கள்மேல் வீட்டைத் தூக்கி நிறுத்தி, அடியில் பனிக்காற்றை ஓடவிடுகிறோம். மேலே சூடு, கீழே காற்று, நடுவில் உன் பலகை.

கீழ்த்தளம் குழந்தைகள் காப்பகம். மேலே குடும்பங்களுக்கு எட்டு அறைகள். ஒன்று எனக்கு என்று மேலாளர் சவேலியேவ் வாக்குக் கொடுத்திருக்கிறார். ஆற்றைப் பார்த்த ஜன்னல்! அந்த அறை கிடைத்தால் ரயீசாவும் சோஸ்யாவும் வந்துவிடலாம். ஒரே நிபந்தனை, புத்தாண்டுக்கு முன் கட்டடத்தை ஒப்படைக்கவேண்டும். தார் அடுத்த படகில் வருகிறது.

லவ்ரின்

*

3 அக்டோபர் 1973

அன்புத் தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. எல்லோரும் சுகம், என் முழங்காலைத் தவிர. அது மழைக்கு முந்திக்கொண்டு செய்தி சொல்கிறது.

ஆற்றைப் பார்த்த ஜன்னல் என்று நீ எழுதினாலும் எழுதினாய், ரயீசா திரைச்சீலை தைக்க உட்கார்ந்துவிட்டாள். நீலப் பூப்போட்ட துணி. "ஜன்னல் அளவு தெரியாம எதுக்கு வெட்டறே?" என்றால், "பெருசாத்தான் இருக்கும், எனக்குத் தெரியும்" என்கிறாள்.

ஆற்றோடு போன அந்தப் பலகையை நான் கனவில் கண்டேன். உன் வீடே அதன்மேல் இருந்தது. ஆறு அதைத் தாலாட்டிக்கொண்டே போனது. ஜன்னலில் நீலத்திரை, உள்ளே சோஸ்யா தூங்குகிறாள். நான் கரையோடு கூடவே நடக்கிறேன். ஓடவேண்டும்போல இருக்கிறது, ஓட வரவில்லை. விழித்துப் பார்த்தால் குழந்தை என் தலையணையைப் பிடுங்கிக்கொண்டு குறுக்கே கிடக்கிறாள். இப்போதெல்லாம் என்னோடுதான் படுக்கை. அம்மா கூப்பிட்டாலும் போவதில்லை.

தார் வந்துவிட்டதா? பலகைகளை மழையில் போட்டுவைக்காதே. ஓரம் சரியாகச் சேரவில்லை என்றால் இரண்டு பலகையை ஒன்றோடொன்று தேய். இரண்டும் தேய்ந்து தேய்ந்து கச்சிதமாகப் பொருந்திவிடும். அதன்பிறகு தார்.

அக்கா தெக்லா

*

18 நவம்பர் 1973

அன்பு அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறேன், நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன். பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. ஆறு இந்த வருஷம் இரண்டு வாரம் முந்தி உறைந்துவிட்டது. தபால் விமானம் பனிமூட்டத்தில் வரவில்லை.

இப்போது பகல் என்பது நான்கு மணி நேரம்தான். சூரியன் மேலே ஏறுவதில்லை, காட்டின் ஓரத்தில் படுத்தபடியே நகர்ந்து மறைகிறது. பனியெல்லாம் ரோஜா நிறம். அந்த வெளிச்சத்தில் மனிதர்கள் மெதுவாகத்தான் பேசுகிறார்கள். நேற்று சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன், மூக்கு மரத்துப்போனதுகூடத் தெரியவில்லை.

தரை முடிந்துவிட்டது. பலகைகளை நீ சொன்னபடி தேய்த்துப் பொருத்தினோம், கத்தி முனைகூட நுழையாது. மேலே மரப்பலகை அறைந்து, வர்ணமும் அடித்தாகிவிட்டது. உன் கண்ணாடி உண்மையில் பெரிய சரக்குதான் அக்கா. நான்கு ஆள் ஏறிக் குதித்தோம், அசையவில்லை. தீயில் காட்டினோம், கறுக்கக்கூட இல்லை. இரண்டு நாள் வாளித் தண்ணீரில் அமுக்கி வைத்துப் பார்த்தோம், மேலே துடைத்துவிட்டால் உள்ளே அப்படியே காய்ந்திருக்கிறது. கண்ணாடி தண்ணீர் குடிக்காது அல்லவா?

சோஸ்யாவுக்கு முத்தம்.

லவ்ரின்

*

2 டிசம்பர் 1973

தம்பிக்கு,

நலம். நலமறிய ஆவல்.

சூரியனைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். அழகாக இருக்கிறது, ரயீசாவுக்கும் வாசித்துக் காட்டினேன். ஆனால் நான் கேட்டது ஒன்றே ஒன்று. அதை மட்டும் காணோம். தார் வந்ததா?

வாளித் தண்ணீரில் இரண்டு நாள் வைத்தால் ஒன்றும் ஆகாதுதான். அந்த வாளியை வெளியே உறையவிட்டு, உருகவிட்டு, மறுபடி உறையவிட்டுப் பார்த்தாயா?

சோஸ்யா தொழிற்சாலை வாசல்வரை வந்து என்னைக் கூட்டிப்போகிறாள், ரயீசாவின் கையைப் பிடித்துக்கொண்டு. என் கையுறையைக் கழற்றி முகர்ந்து பார்த்து, "இன்னைக்கும் முட்டை!" என்று சிரிக்கிறாள்.

பதில் போடு.
தெக்லா

*

4 ஜனவரி 1974

அன்பு அக்கா, ரயீசா, சோஸ்யா எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள்! ஆண்டு முழுதும் நோய்நொடி இல்லாமல் இருங்கள்.

ஒப்படைத்துவிட்டோம்! டிசம்பர் முப்பதாம் தேதி ஆய்வுக் குழு வந்தது. சுவரைத் தட்டினார்கள், கதவைத் திறந்து மூடினார்கள், குழாயைத் திருகினார்கள். பத்திரத்தில் எட்டுக் கையெழுத்து, நான்காவது என்னுடையது. சவேலியேவ் என் தோளில் அடித்து, "பார்த்தியா லவ்ரின், நம்மால முடியும்னு சொன்னேன்ல!" என்றார். மான்கறி, ஊறுகாய் மீன், பாட்டு என்று ஒரே அமர்க்களம்.

வழக்கப்படி முதலில் பூனையை உள்ளே விட்டோம். தச்சரின் சாம்பல் நிறப் பூனை. ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நேராக ஜன்னல் விளிம்பில் ஏறி உட்கார்ந்துகொண்டது. வெளியே விளக்கு வேடிக்கை பார்க்கிறது போலும். எல்லோரும் சிரித்தோம்.

அறைச் சாவி என் சட்டைப்பையில் இருக்கிறது. ஜூனில் ஆற்றுப் பனி உருகிப் படகு ஓட ஆரம்பித்ததும் இருவரையும் அனுப்பு. ரயீசாவுக்கும் எழுதிவிட்டேன்.

லவ்ரின்

*

20 ஜனவரி 1974

லவ்ரின்,

வாழ்த்துக் கிடைத்தது. உனக்கும் வாழ்த்து. நலம் விசாரிப்பதெல்லாம் கடைசியில் பார்க்கலாம்.

பூனை ஏன் தரையில் படுக்கவில்லை?

புது வீட்டில் பூனை எங்கே படுக்கிறதோ அங்கே கட்டிலைப் போடு என்று நம் அம்மா சொல்வாள். விளக்கு பார்க்கப் போன பூனையை நான் பிறந்ததிலிருந்து கண்டதில்லை. அது ஒரு காலைத் தூக்கி, அப்புறம் மறு காலைத் தூக்கி, உதறிக்கொண்டு போயிருக்கும். சரிதானே? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாய். அதுவும் யாரிடம்? பதினேழு வருஷமாக இதே கண்ணாடியை அறுப்பவளிடம்!

தார் இல்லாமல் போட்டுவிட்டாய்.

கேள். கத்தி முனை நுழையாத இடுக்கில் ஈரக்காற்று நுழையும். காப்பகத்தில் தினமும் தரையைத் தண்ணீர் ஊற்றித் துடைப்பார்கள். அந்த நீர் மரப்பலகைச் சந்தில் இறங்கி, வாய்பிளந்த குமிழியில் போய் நிற்கும். உறையும்போது விரிந்து அந்தக் குமிழியின் சுவரை உடைக்கும். உருகினால் அடுத்த அறைக்குள் போகும். மறுபடி உறையும். கதவில்லாத வீட்டுக்குக் கதவு வைத்துக்கொண்டே போகும். உள்ளே ஊறாத கண்ணாடியை உறைபனி மேலிருந்து அறை அறையாகத் தின்னும். இரண்டு குளிர்காலம் போனால் உன் தரைக்கடியில் கரித்தூள்தான் இருக்கும்.

அந்தத் தரையில் உட்காரப்போவது ஊரார் குழந்தைகள். ஜூனுக்கு அப்புறம் உன் குழந்தையும்தான். போய்ச் சொல், இப்போதே சொல்.

தெக்லா

*

8 பிப்ரவரி 1974

அக்கா,

ஆமாம், தார் வரவில்லை. இரண்டாவது படகு இங்கிருந்து இருநூறு கிலோமீட்டர் கீழே ஆற்று வளைவில் பனிக்கட்டியில் மாட்டிக்கொண்டது. பீப்பாய்கள் அங்கே கரையில் கிடக்கின்றன. சவேலியேவிடம் சொன்னேன். "கண்ணாடி தண்ணி குடிக்காதுன்னு நீதானேய்யா சொன்னே? அப்புறம் தார் எதுக்கு, அழகுக்கா? போட்டு மூடு" என்றார். மூடினேன். போதுமா?

இரண்டு வருஷமாக ஆறு பேரோடு, வேலையாட்கள் தங்கும் தகர வண்டிக்குள் படுக்கிறேன். என் மகள் பேச ஆரம்பித்ததை நான் கேட்கவில்லை. அவள் முகம் புகைப்படத்தில்தான் தெரியும். அந்த ஒரு கையெழுத்துக்குப் பின்னால் என்ன இருந்தது என்று உனக்குத் தெரியாதா?

இன்னொன்றும் சொல்கிறேன். நீ தாரைப் பற்றிக் கவலைப்படவில்லை. சோஸ்யா உன்னைவிட்டுப் போகக்கூடாது, அதுதான் உன் கவலை. என் தரை சரியில்லை என்றால் அவள் உன்னோடு இருப்பாள் அல்லவா? அதற்குத்தான் இத்தனை குமிழிக் கதை.

லவ்ரின்

*

17 மார்ச் 1974

தம்பிக்கு,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். ஒன்றில் உன்னைத் திட்டியிருந்தேன், ஒன்றில் அழுதிருந்தேன், மூன்றாவதில் பொய் சொல்லியிருந்தேன். இது நான்காவது.

நீ எழுதியது உண்மை.

ரயீசா வந்த அன்று சோஸ்யா கைக்குழந்தை. நான் என் வீட்டுக்காரரை இழந்து பத்து வருஷமாக ஒற்றைத் தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள். இப்போது காலையில் அவளுக்கு ஜடை பின்னுகிறேன். பின்னும்போது அவள் தலை என் முழங்காலில் சாயும், அந்த நேரம் வலிகூடத் தெரியாது. படகு வராமல் போகட்டும், வீடு தாமதமாகட்டும், அறையை வேறு யாருக்காவது கொடுக்கட்டும் என்று நான் வேண்டிக்கொண்டதுண்டு. ஒரு நாள் அல்ல, பல நாள். கூடப்பிறந்தவனுக்கு எதிராக வேண்டிக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது.

ஆனால் லவ்ரின், உறைபனிக்கு என் மனசு தெரியாது. நான் கெட்டவளாக இருந்தாலும் தாரில்லாத இடுக்கில் தண்ணீர் இறங்கும். நல்லவளாக இருந்தாலும் இறங்கும். நான் சொன்னதற்காக அது பொய்யாகிவிடாது.

ரயீசாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் பெட்டி கட்டிவிட்டாள். நீ எது செய்தாலும் இனிமேல் தார் என்ற வார்த்தையை என்னிடமிருந்து கேட்கமாட்டாய். ஜூனில் அனுப்பு என்றால் நானே கொண்டுபோய் ரயிலேற்றுவேன்.

முழங்கால் பரவாயில்லை. பனி உருக ஆரம்பித்துவிட்டது, கூரையிலிருந்து நாளெல்லாம் சொட்டுகிறது.

உன் அக்கா

*

21 ஏப்ரல் 1974

அன்பு அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று இந்தத் தடவை உண்மையாகவே கேட்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்த மறுநாள் காப்பகத்துக்குப் போனேன். பகல் தூக்க நேரம். பிப்ரவரியிலிருந்து பதினெட்டுக் குழந்தைகள் வருகிறார்கள். கட்டில்களில் தூங்குகிறார்கள், மேலே கோட்டு, காலில் கம்பளி பூட்ஸ். ஆயா கிளாவ்தியாவிடம், "ஏன் பூட்ஸைக் கழட்டலே?" என்றேன். "அதை இந்தத் தரையைக் கேளுங்க. காலைல துடைச்ச தண்ணி மத்தியானம் சந்துல கண்ணாடியா நிக்குது. பசங்க அதுல சறுக்கி விளையாடுதுங்க" என்றாள். என்மேல் கோபமாகச் சொல்லவில்லை அவள், சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். தரையைப் போட்டவன் நான் என்று அவளுக்குத் தெரியாது.

நான் பூட்ஸைக் கழற்றிவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன். பதினெட்டு மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. ஜன்னலில் வசந்தகால வெளிச்சம் பாலாக வழிந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. எழுந்தபோது பாதம் என்னுடையதாக இல்லை.

அப்போதே கடப்பாரையை எடுத்துவந்து ஓரத்தில் இரண்டு மரப்பலகையைப் பெயர்த்தேன். இடுக்கெல்லாம் வெள்ளை ரோமம் முளைத்த மாதிரி உறைபனி. கொதிகலன் ஒரு நாள் எரிந்து ஒரு நாள் அணைந்ததில் உருகி உறைந்து, உருகி உறைந்து, கண்ணாடியின் ஓரத்தைத் தொட்டால் கையோடு தூளாக வருகிறது. நாலு மாசம்தான் ஆயிற்று, அக்கா! நடுப்பகுதி மட்டும் நீ அறுத்தபோது இருந்த மாதிரியே கெட்டியாக இருக்கிறது.

சவேலியேவ் ஓடிவந்தார்.

"பைத்தியமாடா உனக்கு? ஒப்படைச்ச கட்டடம்!"

"கையெழுத்துப் போட்டது நான். உடைக்கிறதும் நானே."

"உன் அறை போயிடும். யோசிச்சுக்கோ."

"போகட்டும்."

சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டேன். அறை இப்போது ஒரு டிராக்டர் ஓட்டுநர் குடும்பத்துக்கு. எனக்கு எழுத்துமூலக் கண்டனம், பதவிக் குறைப்பு. குழந்தைகளைத் தற்காலிகமாக வாசகசாலைக்கு மாற்றியிருக்கிறார்கள். அந்த டிராக்டர் ஓட்டுநரே, "என் பொண்ணும் அங்கதானே இருக்கா" என்று சொல்லி, பனிப்பாதை உருகுவதற்குள் போய்ச் சறுக்குவண்டியில் தார்ப் பீப்பாய்களை இழுத்து வந்துவிட்டார். இப்போது ஒவ்வொரு பலகையாக எடுத்து, தூளாகிப்போன ஓரத்தைத் தேய்த்து நீக்கி, நல்ல முகம் வந்ததும் கொதிக்கும் தாரில் தோய்க்கிறோம். செப்டம்பரில் முடியும்.

நான் மறுபடி தகர வண்டியில். எனக்கென்று அதில் ஒரு மூலையைத் தடுத்துக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அடுத்த அறை எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. இன்னும் ஒரு வருஷம் ஆகலாம். ரயீசாவிடம் நீயே சொல்லிவிடு. எனக்குத் தைரியம் இல்லை. போன கடிதத்தில் நான் எழுதியதை மன்னித்துவிடு.

லவ்ரின்

*

6 ஜூன் 1974

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். "நான்" மட்டும்தான் இந்தத் தடவை.

உன் கடிதம் மே மாதம் வந்தது. படித்தவுடன் எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? இன்னும் ஒரு வருஷம்! அதுதான் தோன்றியது. என் தம்பி நேர்மையானவன் என்பது அதற்கப்புறம்தான். உலை வாசலில் நின்று எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டேன். சாயங்காலம் உருளைக்கிழங்கு அடை சுட்டு, புளிப்புப் பாலேடு ஊற்றி வைத்துவிட்டு, முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு ரயீசாவிடம் கடிதத்தைக் கொடுத்தேன்.

அவள் இரண்டு தடவை படித்தாள். அடை ஆறிப்போனது. பிறகு கேட்டாள், "தகர வண்டியில ஒரு மூலை தடுத்துக் குடுத்திருக்காங்களாமே, அதுல மூணு பேர் படுக்கலாமா அக்கா?"

"என்னடி பேசறே! அறை போச்சு. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்றேன்.

"அறைக்காகத்தான் அக்கா இத்தனை நாள் காத்திருந்தேன். அறை வரட்டும், வரட்டும்னு. இப்படிப்பட்ட மனுஷன் அங்க தனியாத் தரையைப் பேத்துக்கிட்டு இருக்கார், நான் இங்க திரைச்சீலைக்குச் சரிகை தைச்சுக்கிட்டு இருக்கேனா?"

நான் எழுதிய கடிதங்களே அவர்களுக்கு ரயில் சீட்டாகிவிட்டன, லவ்ரின். தரை சரியில்லை, தரை சரியில்லை என்று நான் கத்தியதற்குக் கிடைத்த பலன் இது. உன்மேல் கோபமாக இருக்கிறது. ரயீசாமேல் கோபமாக இருக்கிறது. நான் சொன்னதை நீ கேட்காமலே இருந்திருக்கலாம் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். நினைத்தேன் என்பதை மறைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ரயிலேற்றினேன். சோஸ்யா ஜன்னலில் மூக்கை அமுக்கி, "அத்தை, நீ அடுத்த பெட்டியில ஏறிக்கோ!" என்றாள். ரயில் புறப்படும்வரை நான் அடுத்த பெட்டியில் ஏறப்போகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

இந்தக் கடிதம் அவர்களுக்கு முன்னால் வருமோ பின்னால் வருமோ தெரியாது. அவளுக்குக் காலையில் ஜடை இறுக்கிப் பின்னினால் தலைவலி வரும். தளர்வாகப் பின்னச் சொல்.

தெக்லா

*

20 நவம்பர் 1974

என் அக்காவுக்கு,

ரயீசாவும் நானும் சுகம். உன் முழங்காலுக்கு இங்கிருந்து ஒரு கரடிக் கொழுப்புக் களிம்பு அனுப்பியிருக்கிறோம், முகரும்முன் மூக்கைப் பிடித்துக்கொள்.

காப்பகம் சென்ற மாதம் திறந்துவிட்டது. இந்தத் தடவை குழு வரவில்லை, மான்கறியும் இல்லை. கிளாவ்தியா கதவைத் திறந்தாள், குழந்தைகள் உள்ளே போனார்கள், அவ்வளவுதான். சோஸ்யாவும் போகிறாள். முதல் நாள் வாசலில் நின்று, "அத்தை வந்தாத்தான் உள்ள போவேன்" என்று அழுதாள். நான் தரையைக் காட்டி, "இதுக்குக் கீழே இருக்கிறது முழுக்க உன் அத்தை அறுத்தது, போய்ப் பாரு" என்றேன். சந்தேகத்தோடுதான் போனாள்.

இந்தத் தாளைத் திருப்பிப் பார். அதைக் காப்பகத் தரையில் விரித்து, அவளை வெறுங்காலோடு மேலே நிறுத்தி, பென்சிலால் சுற்றி வரைந்தேன். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொரு டிகிரி குளிர். அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை. பெருவிரல் பக்கம் கோடு கோணலாக இருக்கும், பென்சில் கூசியதில் சிரித்துவிட்டாள்.

முடிந்தது, எழுந்து பூட்ஸ் போடு என்றேன். அசையவில்லை.

"இன்னொரு காலையும் வரைப்பா" என்றாள். "அத்தைக்கு ரெண்டு காலும் வேணும்ல?"

வரைந்திருக்கிறேன்.

லவ்ரின்